கைப்பிடியில் தெரியும் கல்லீரல்

கல்லீரல் சுருங்கிப்போனவர்கள் திருவண்ணாமலையில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் வரும்போது கையில் கனமான ஃபைல் ஒன்று இருக்கும். ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, பிலிருபின், ஆல்புமின், ரத்தம் உறையும் நேரம் என்று எல்லாமே அதில் இருக்கும். அவர் அதைப் பொறுமையாகப் புரட்டி, மருத்துவர் எழுதியிருக்கும் எச்சரிக்கைகளைக் குறித்துக்கொள்வார். பிறகு, ஃபைலில் இல்லாத ஒன்றை அளக்கத் தொடங்குவார். நோயாளியை நாற்காலியில் உட்காரவைத்து, முழங்கையைச் செங்கோணமாக மடக்கச் சொல்லி, கைப்பிடி வலுவை அளக்கும் டைனமோமீட்டரைக் கையில் கொடுப்பார்.

“இருக்கிற பலத்தை எல்லாம் போட்டு அமுக்குங்கண்ணே. மூச்சை மட்டும் அடக்காதீங்க.”

மூன்று முறை அமுக்கச் சொல்லி, கூடுதலாக வந்த எண்ணை எழுதிக்கொள்வார். ஆணுக்கு 28 கிலோ, பெண்ணுக்கு 18 கிலோ. தசையிழப்பை ஆராயும் ஆசியப் பணிக்குழு 2019-இல் வகுத்த எல்லை இது. இதற்குக் கீழே போனால் தசைவலு குறைந்துவிட்டது என்று பொருள். அடுத்து நாற்காலிச் சோதனை. கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் தொடைத் தசை தளர்ந்திருக்கிறது. மூன்றாவது, நிற்கும் சமநிலை: முதலில் பாதங்களைச் சேர்த்து வைத்து, பிறகு ஒரு பாதத்தைச் சற்று முன்னே தள்ளி, கடைசியில் ஒரு காலின் குதியை மறு காலின் விரல் தொடும்படி ஒரே கோட்டில். ஒவ்வொரு நிலையிலும் 10 நொடி நிற்க வேண்டும்.

பிடி, எழுதல், நிற்றல் ஆகிய இந்த மூன்றையும் சேர்த்து ஒரே எண்ணாக்கும் முறையை, சான் ஃபிரான்சிஸ்கோவில் கல்லீரல் மருத்துவர் ஜெனிஃபர் லாயின் குழு 2017-இல் வெளியிட்டது. கல்லீரல் நலிவுக் குறியீடு என்று அதைச் சொல்லலாம். 3.2-க்குக் கீழே இருப்பவர் திடமானவர், 4.5-ஐத் தொட்டவர் நலிந்தவர். மாற்றுக் கல்லீரலுக்குக் காத்திருப்போரில் யாருக்கு ஆபத்து அதிகம் என்று முன்கூட்டி அறியவே அது உருவானது. திருவண்ணாமலையில் அவரிடம் வருகிறவர்களில் மாற்றுக் கல்லீரல் வரிசையில் இருப்பவர்கள் மிகச் சிலர்தான். ஆனாலும் மூன்று சோதனைகளையும் எல்லோருக்கும் செய்கிறார். கிடைத்த எண்களை ஃபைலின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுக்கிறார். அடுத்த முறை வயிற்று மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அவர் கண்ணில் முதலில் படட்டும் என்பதற்காக.

ஈரல் கெட்டது என்றாலே குடி என்று ஊர் முடிவுகட்டிவிடுகிறது. குடியால் வந்தவர்கள் அவரிடம் நிறைய பேர் வருகிறார்கள் என்பது உண்மை. தண்டராம்பட்டுப் பக்கத்து விவசாயிகள், லாரி ஓட்டுநர்கள், கட்டட வேலை செய்கிறவர்கள் அவர்களில் உண்டு. ஆனால், ஒரு சொட்டும் குடிக்காத ஆரணி நெசவாளரும் வருகிறார். பல ஆண்டுச் சர்க்கரை நோயும் கொழுப்பு படிந்த ஈரலும் அவரைச் சிரோசிஸ் என்னும் ஈரல் சுருக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கின்றன. ஹெபடைட்டிஸ் பி இருப்பது பிரசவத்தின்போதுதான் தெரியவந்து, பிறகு அதை மறந்தேபோன பெண்கள் வருகிறார்கள். கொழுப்பு ஈரலை இந்திய அரசு 2021-இல் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்தது. பி, சி வகை ஹெபடைட்டிஸுக்கு இலவசப் பரிசோதனையும் சிகிச்சையும் தரும் தேசியத் திட்டம் 2018 ஜூலை 28 அன்று தொடங்கியது. நோய் வந்த வழி எதுவானாலும் கடைசியில் அவர் முன்னால் வந்து உட்காருகிறவர்கள் சொல்வது ஒன்றையேதான்: “மேல்ல சத்தே இல்ல மேடம். கை ஊணாம எந்திரிக்க முடியல.”

இதைச் சோர்வு என்று எழுதிவிட்டுக் கடந்துவிடலாம். அவர் அப்படிக் கடப்பதில்லை. சிரோசிஸ் நோயாளிகளில் 30 முதல் 70 விழுக்காட்டினருக்குத் தசையிழப்பு இருப்பதாக வெவ்வேறு ஆய்வுகள் சொல்கின்றன. ஜப்பானில் கிஃபு நகரத்து மருத்துவர்கள் சிரோசிஸ் நோயாளிகளின் ஸ்கேன்களைத் தொடர்ந்து ஒப்பிட்டு, 2016-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். நோய் தொடக்க நிலையில் உள்ளவர்களுக்குத் தசை ஆண்டுக்கு 1.3 விழுக்காடு குறைகிறது; நடு நிலையில் 3.5, முற்றிய நிலையில் 6.1.

ஈரலுக்கும் தொடைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்களுக்கு அவர் மல்லாட்டைப் பயிரை வைத்துத்தான் விளக்குகிறார். மல்லாட்டை என்கிற நிலக்கடலை விளையும் மாவட்டம் இது. நல்ல ஈரல் பகலில் சாப்பிட்டதில் ஒரு பங்கைக் கிளைகோஜனாகச் சேமித்து வைத்து, இரவு முழுக்க உடம்புக்குச் சர்க்கரையை அளந்து விடுகிறது. சுருங்கிய ஈரலில் அந்தக் கிடங்கு சிறுத்துவிடுகிறது. நடு இரவுக்குள் இருப்பு தீர்ந்துவிட, உடம்பு தசையிலுள்ள புரதத்தை உடைத்து எரிக்கத் தொடங்குகிறது. வீட்டில் தானியம் தீர்ந்த குடும்பம், ஆடிப்பட்டத்துக்கு எடுத்துவைத்த விதை மல்லாட்டையை வறுத்துத் தின்பதைப் போன்றது இது. “இன்னிக்கு வயிறு ரொம்பிடும், அடுத்த போகத்துக்கு என்ன பண்ணுவீங்க?” என்று கேட்பார். அதற்கு மேல் விளக்கம் யாருக்கும் தேவைப்பட்டதில்லை.

1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஓவன் என்ற ஆய்வாளரின் குழு இதை அளந்து பார்த்தது. சிரோசிஸ் உள்ளவர் ஓர் இரவு சாப்பிடாமல் தூங்கி எழுந்தபோது அவர் உடம்பு எரித்த எரிபொருளின் கலவை, ஆரோக்கியமானவர் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்ததற்குச் சமமாக இருந்தது.

இரண்டாவது காரணம் அம்மோனியா. குடலிலிருந்து வரும் அம்மோனியாவை யூரியாவாக்கி வெளியே அனுப்புவது ஈரலின் வேலை. அந்த வேலை தடுமாறும்போது, தசைகள் அந்தச் சுமையை ஏற்று அம்மோனியாவைக் குளுட்டமினாக மாற்றுகின்றன. தசை அதிகம் உள்ளவரின் மூளைக்கு அந்த அளவுக்குப் பாதுகாப்பு கிடைக்கிறது. ஆனால் இந்தச் சேவைக்குத் தசை கொடுக்கும் விலை பெரிது. அம்மோனியா கூடும்போது மயோஸ்டேட்டின் என்ற புரதம் பெருகித் தசை வளர்வதைத் தடுக்கிறது. தசை செல்லின் எரிசக்திச் சங்கிலியிலிருந்தும் ஒரு கண்ணி உருவப்படுகிறது. அம்மோனியாவால் வரும் மூளைக் குழப்பத்துக்காக லாக்டுலோஸ் குடிக்கிறவர்களிடம், மருந்தை நிறுத்தாதீர்கள் என்று அவர் ஒவ்வொரு முறையும் நினைவூட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். வயிறு போகிறது என்று சலித்துக்கொண்டு பலரும் அதைத்தான் முதலில் நிறுத்துகிறார்கள்.

இவ்வளவு முக்கியமான தசை ஏன் ஃபைலில் இல்லை? வரலாற்றில் அதற்கு ஒரு பதில் இருக்கிறது. ஈரல் நோயின் கடுமையை மதிப்பிட, சைல்டு, டர்காட் என்ற இரு அமெரிக்க அறுவை மருத்துவர்கள் 1964-இல் ஐந்து அளவுகோல்களை வகுத்தார்கள்: பிலிருபின், ஆல்புமின், வயிற்றுநீர், மூளைக் குழப்பம், உடம்பின் ஊட்டநிலை. 1973-இல் லண்டனில் பக் என்பவரின் குழு அதைத் திருத்தியபோது, ஊட்டநிலையை எடுத்துவிட்டு ரத்தம் உறையும் நேரத்தைச் சேர்த்தது. கண்ணால் பார்த்துச் சொல்லும் மதிப்பீட்டைவிட ஆய்வக எண் உறுதியானது என்பதால் அந்த மாற்றம் நிலைத்துவிட்டது. பின்னால் வந்த ‘மெல்டு’ மதிப்பெண் முழுக்க முழுக்க ரத்தப் பரிசோதனை எண்களால் ஆனது. அதில் கிரியேட்டினினும் ஒன்று. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசை வற்றியவருக்கு அது குறைவாகவே இருக்கும். சிறுநீரகம் நன்றாக இருப்பதுபோலவும் நோய் மிதமாக இருப்பதுபோலவும் தாளில் தோன்றும்.

ஆய்வக எண்ணுக்கு ஈடான உறுதி கைப்பிடிக்கும் உண்டு என்று காட்டிய வேலைகளும் நடந்திருக்கின்றன. டென்மார்க்கில் ஆண்டர்சன், வில்ஸ்ட்ரப் உள்ளிட்டோர் 1998-இல் குடியால் வந்த சிரோசிஸ் நோயாளிகளின் தசை வலுவை அளந்தார்கள். வலுக் குறைவு ஈரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதைவிட, உடம்பில் ஊட்டம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதோடுதான் நெருங்கி நின்றது. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரேயில் 50 நோயாளிகளை ஓராண்டு தொடர்ந்து, 2005-இல் வெளியிட்ட ஆய்வில், வயிற்றுநீர், தொற்று, குழப்பம் போன்ற சிக்கல்கள் யாருக்கு வரும் என்பதைக் கைப்பிடி வலு முன்கூட்டிக் காட்டியது. ஈரலைப் புதிதாக்கும் மாத்திரை யாரிடமும் இல்லை. ஊட்டத்தைக் கூட்டுவது வீட்டு அடுப்படியிலேயே முடிகிற காரியம். டென்மார்க் ஆய்வை அவர் அடிக்கடி எடுத்துச் சொல்வது இதனால்தான்.

அடுப்படியில்தான் பெரிய தடையும் இருக்கிறது. அதன் பெயர் பத்தியம்.

மஞ்சள் காமாலை என்றால் எண்ணெய் கூடாது, பருப்பு கூடாது, முட்டை, மீன், கறி கூடவே கூடாது. மோர்ச்சோறும் கஞ்சியும் போதும். வட ஆற்காட்டு வீடுகளில் இது எழுதாத சட்டம். சில நாளில் தானே தணியும் காமாலைக்குச் சொன்ன பத்தியத்தை, ஆண்டுக்கணக்கில் நீளும் சிரோசிஸுக்கும் நீட்டிவிடுகிறார்கள். கீழாநெல்லியைப் பற்றி இந்தப் பக்கத்து மக்களுக்கு இருக்கும் நம்பிக்கையை அவர் அறிவார். சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜனின் குழுவும், ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்த பிளம்பர்க்கும் சேர்ந்து, 1988-இல் ‘லான்செட்’ இதழில் கீழாநெல்லி ஆய்வை வெளியிட்டதும், பிறகு வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்காததும் அவருக்குத் தெரியும். இலையை உண்பதா வேண்டாமா என்பதை மருத்துவரிடம் கேட்கச் சொல்லிவிடுகிறார். அவர் வாதாடுவது, கூட வரும் பத்தியத்தோடுதான்.

பத்தியத்துக்கு மேலைநாட்டிலும் ஒரு பங்காளி உண்டு. நியூயார்க்கில் ஆர்தர் பாட்டெக் 1941-இலேயே, நல்ல சத்துணவு கொடுத்தால் சிரோசிஸ் நோயாளிகள் தேறுகிறார்கள் என்று எழுதியிருந்தார். 1950-களில் அம்மோனியாவுக்கும் மூளைக் குழப்பத்துக்கும் உள்ள தொடர்பு தெரியவந்தது. உடனே புரதத்தைக் குறை என்ற அறிவுரை உலகமெங்கும் பரவி, அரை நூற்றாண்டு ஆட்சி செய்தது. பார்சிலோனாவில் கோர்தோபாவின் குழு 2004-இல் அதைச் சோதித்துப் பார்த்தது. குழப்பத்தோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் ஒரு பிரிவுக்குப் புரதத்தைக் குறைத்தார்கள். மறு பிரிவுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் கொடுத்தார்கள். குழப்பம் தெளிவதில் இரு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. புரதம் குறைத்தவர்களின் உடம்புதான் தன் புரதத்தைக் கூடுதலாகக் கரைத்தது. டெல்லி ஜி.பி. பந்த் மருத்துவமனையில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், கிலோவுக்கு 1 முதல் 1.5 கிராம் வரை தாவரப் புரதம் கொண்ட உணவை ஆறு மாதம் கொடுத்தபோது, வெளியே தெரியாத லேசான மூளைக் குழப்பமும் கூடுதல் பேருக்குத் தெளிந்தது. இன்றைய வழிகாட்டு நெறிகள் எல்லாமே கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் என்று ஒரே குரலில் சொல்கின்றன.

நோயாளியின் மனைவியோ மகளோ எதிரே உட்கார்ந்திருக்க, இதை அவர் சமையலறைக் கணக்காக்கிக் காட்டுவார். 55 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கு 66 முதல் 82 கிராம் புரதம் வேண்டும். ரேஷனில் மாதம் கிடைக்கும் ஒரு கிலோ துவரம் பருப்பில் சுமார் 220 கிராம் புரதம். மொத்தத்தையும் நோயாளி ஒருவரே சாப்பிட்டாலும் நாளைக்கு 7 கிராம்தான் தேறும். மிச்சத்தை வேறு எங்கிருந்து கொண்டுவருவது? ஒரு முட்டையில் 6 கிராம். 200 மில்லி பாலில் 6. ஒரு கைப்பிடி மல்லாட்டையில் 7. ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 12 வரை. சோற்றிலும் இட்லியிலும் சேர்வது கொஞ்சம். மல்லாட்டையில் பூஞ்சணம் பிடித்ததும் கசப்பதும் இருந்தால் அப்படியே கொட்டிவிடச் சொல்கிறார். அந்தப் பூஞ்சணத்தில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் ஈரலில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. உப்பு மட்டும் உண்மையிலேயே குறைய வேண்டும். வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் போகக் கூடாது. அப்பளமும் கருவாடும் ஊறுகாயும் அந்தக் கணக்கில் வந்துவிடும்.

அவர் மிகவும் அழுத்திச் சொல்வது இரவு உணவைப் பற்றி. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பிளாங்க் என்பவரின் குழு 2008-இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு அடிப்படை. ஒரே அளவு சத்துபானத்தை ஒரு பிரிவினர் பகலில் குடித்தார்கள். மற்றவர்கள் இரவு 9 மணிக்கு மேல் குடித்தார்கள். ஓராண்டு முடிவில், இரவில் குடித்தவர்களுக்கு ஏறக்குறைய 2 கிலோ தசைத் திசு கூடியிருந்தது. பகலில் குடித்தவர்களுக்கு அது நடக்கவில்லை. ஆகவே, படுக்கப் போகும்முன் 50 கிராமாவது மாவுச்சத்து சேரும்படி ஏதாவது உள்ளே போக வேண்டும். மூன்று இட்லியும் ஒரு தம்ளர் பாலும் ஏறக்குறைய அந்த அளவுக்கு வரும். கேழ்வரகுக் கஞ்சி, ஜவ்வாது மலைச் சாமைக் கஞ்சி எதுவானாலும் சரி. சர்க்கரை நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் சொல்லி மருந்தளவைச் சரிசெய்துகொள்ள வேண்டும். காலையில் எழுந்ததும் காபியோடு நிறுத்திக்கொண்டு பத்து மணிவரை காத்திருக்கக் கூடாது. விழித்திருக்கும்போது மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை ஏதாவது சாப்பிட வேண்டும்.

இந்த ஊரில் இதைச் சொல்வது எளிதல்ல. பௌர்ணமிக்கு விரதம், பிரதோஷத்துக்கு விரதம், கார்த்திகை தீபத்துக்கு விரதம், சிவராத்திரிக்கு இரவெல்லாம் விழிப்பும் விரதமும். நோய் வந்தவர்கள் வேண்டிக்கொண்டு விரதத்தைக் கூட்டுகிறார்கள். கிரிவலப் பாதையில் பூ கட்டி விற்கும் ஓர் அம்மா, கணவருடைய ஈரல் தேறுவதற்காகத் தானும் இருந்து, அவரையும் திங்கள்தோறும் பட்டினி இருக்கவைத்திருந்தார். பிசியோதெரபிஸ்ட் அவரிடம் சாமியைப் பற்றி எதுவும் பேசவில்லை. கணவரின் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே குழிந்து கிடந்த சதையைத் தொட்டுக் காட்டினார். நெற்றிப்பொட்டில் விழுந்திருந்த குழியைக் காட்டினார். “நீங்க விரதம் இருங்கம்மா, அண்ணனுக்கும் சேர்த்தே இருங்க. அவரு பாலும் பழமும் சுண்டலும் சாப்பிட்டுட்டே கும்பிடட்டும்.” அந்த அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சுண்டல் சாமிக்குப் படைக்கிறதுதானே என்று ஒப்புக்கொண்டார். அதிலிருந்து திங்கட்கிழமை மாலைகளில் அந்த வீட்டில் கொண்டைக்கடலை வேகிறது.

எடையை நம்பி ஏமாறுகிறவர்களும் உண்டு. மகோதரம் என்று கிராமத்தில் சொல்லும் வயிற்றுநீர் சேரச் சேர எடை ஏறும். “மூணு கிலோ ஏறிட்டேன் மேடம், தேறிட்டு வர்றேன்” என்று மகிழ்ச்சியோடு சொன்ன ஒருவரின் மேற்கையை அளவு நாடாவால் சுற்றிக் காட்ட வேண்டியிருந்தது. ஏறியது முழுக்க நீர். நீரை இறக்கிய மறுநாள் தோளெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. கொழுப்பு ஈரலோடு வரும் பருத்த உடம்பிலும் இதே மறைவு நடக்கிறது; கொழுப்புக்கு அடியில் தசை கரைந்திருப்பதைக் கண் காட்டிக்கொடுக்காது, நாற்காலிச் சோதனைதான் காட்டிக்கொடுக்கும். ஆரணி நெசவாளரை அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். பார்க்கத் திடமாக இருந்தார். குழித்தறியிலிருந்து எழும்போது யாராவது கைகொடுக்க வேண்டியிருந்தது. வயசு என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

சாப்பாடு தசைக்கான கல்லும் மண்ணும் என்றால், கட்ட ஆள் வேண்டும்; உடற்பயிற்சிதான் அந்த ஆள். ஈரல் நோயாளியை அசையவிடக் கூடாது என்ற பயத்துக்கும் காரணம் இல்லாமல் இல்லை. சைக்கிள் மிதிக்கும்போது ஈரலின் வாயிற்சிரையில் அழுத்தம் சற்று ஏறுவதை ஸ்பெயினில் 1996-இல் அளந்திருந்தார்கள். உணவுக்குழாயில் வீங்கிய நரம்புகள் வெடித்துவிடுமோ என்று மருத்துவர்கள் தயங்கினார்கள். அதே ஸ்பெயினிலிருந்து 2017-இல் வந்த ஆய்வு மறு பக்கத்தைக் காட்டியது: பருமனான சிரோசிஸ் நோயாளிகள் 16 வாரம் அளவான உணவோடும் மேற்பார்வையில் செய்த பயிற்சியோடும் எடை குறைத்தபோது வாயிற்சிரை அழுத்தம் இறங்கியது. டென்மார்க்கில் ஆமான் என்பவரின் குழு, வாரம் மூன்று முறையாக 12 வாரம் எடைப் பயிற்சி கொடுத்து, 2020-இல் முடிவை வெளியிட்டது. தொடை வலு 13 விழுக்காடு கூடியிருந்தது. தசையின் பருமனும் கூடியிருந்தது.

அந்த 12 வாரத்தைத்தான் அவர் தன் நோயாளிகளுக்கும் வகுத்துக்கொடுக்கிறார். ஜிம் தேவையில்லை. வீட்டுத் திண்ணை போதும். முதல் பயிற்சி திண்ணையிலிருந்து எழுந்து உட்காருவது. முடியாதவர்கள் முதலில் கை ஊன்றலாம், திண்ணை தாழ்வாக இருந்தால் மேலே ஒரு தலையணை போட்டுக்கொள்ளலாம். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது இரண்டாவது. சுவரில் கை வைத்துத் தள்ளுவது மூன்றாவது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து முழங்கையை மடக்கி நீட்டுவது நான்காவது. வலு ஏற ஏறத் தண்ணீருக்குப் பதில் மணல் நிரப்பிக்கொள்ளலாம். ஈரத் துண்டை முறுக்கிப் பிழிவது கைப்பிடிக்கு. ஒவ்வொன்றிலும் எட்டு முதல் பன்னிரண்டு முறை, நடுவில் ஓய்வு, ஒருநாள் விட்டு ஒருநாள். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். வெறும் வயிற்றில் கூடவே கூடாது.

எச்சரிக்கைகளில் அவர் கறார். எண்டோஸ்கோப்பி முடிந்து, வீங்கிய நரம்புகளுக்கு மருந்தோ பேண்டிங்கோ செய்து, மருத்துவர் சம்மதித்த பிறகுதான் எடைப் பயிற்சி. மூச்சை அடக்கி முக்கக் கூடாது. வயிற்றில் நீர் இறுக்கமாக இருக்கும்போதோ தொப்புள் பிதுங்கியிருக்கும்போதோ எதையும் தூக்கக் கூடாது. புரோப்ரனலால், கார்வெடிலால் சாப்பிடுகிறவர்களுக்கு நாடித்துடிப்பு வழக்கம்போல் ஏறாது. அதை நம்பிப் பயிற்சியின் அளவை முடிவு செய்ய முடியாது. ஆகவே பேச்சுதான் அளவு: பேச முடிய வேண்டும், பாட மூச்சு போதாமல் இருக்க வேண்டும். கறுப்பாக மலம் போனால், பகலில் தூங்கி வழிந்து இரவில் விழித்திருந்தால், நீட்டிய கை தானாகப் படபடத்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இந்த மூன்றையும் நோயாளியிடம் மட்டும் சொல்லி நிறுத்தமாட்டார். கூட வந்தவரைத் திருப்பிச் சொல்லவைப்பார்.

இரவில் கெண்டைக்காலை இழுத்துப் பிடிக்கும் குரக்குவலி இவர்களில் பலரின் தூக்கத்தைக் கெடுக்கிறது. படுக்கும்முன் கெண்டைக்காலை நீட்டி இழுக்கும் பயிற்சியைக் கற்றுக்கொடுக்கிறார். அமெரிக்காவின் மிச்சிகனில் டாப்பர் என்பவர் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், பிடிப்பு வந்ததும் வினிகரில் ஊறிய வெள்ளரிக்காய் ஊறுகாயின் சாற்றை ஒரு வாய் பருகியவர்களுக்கு வலியின் கடுமை குறைந்தது. நம் வீட்டு எண்ணெய் ஊறுகாய் அதற்கு ஈடாகாது. அதிலுள்ள உப்பு, நீர் கோத்த வயிற்றுக்கு ஆகாது. இதைக் கேள்விப்பட்டு ஊறுகாய் ஜாடியைத் திறந்தவர்களுக்கு அவர் இதைத் தனியே விளக்க வேண்டியிருந்தது.

நடைக்கு இந்த ஊரில் ஓர் அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். சுற்றிலும் எட்டு லிங்கங்கள். நோய் தெரிந்த நாளிலிருந்து பலருக்கும் உள்ள ஏக்கம், இனிமேல் மலையைச் சுற்ற முடியாதா என்பதுதான். முதலில் அவர் ஆறு நிமிட நடைச் சோதனை வைக்கிறார்: 30 மீட்டர் நீளமுள்ள சமதரையில் முன்னும் பின்னுமாக ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று பார்ப்பது. மாற்றுக் கல்லீரலுக்குக் காத்திருந்தவர்களில் 250 மீட்டருக்குக் குறைவாக நடந்தவர்களுக்கு உயிராபத்து அதிகம் என்று 2010-இல் ஓர் ஆய்வு சொன்னது. அந்த எல்லையைத் தாண்டியவர்களைத் தெருவில் நடக்கவிடுகிறார். பிறகு செங்கம் சாலையில் அக்னிலிங்கம் வரை. உடம்பு இடம் கொடுத்தால் எமலிங்கம் வரை. அங்கிருந்து ஆட்டோ பிடித்து வீடு திரும்ப வேண்டும். வெறுங்காலில் நடப்பது மரபு என்றாலும், கால் வீங்கியவர்களும் சர்க்கரை நோய் உள்ளவர்களும் செருப்போடுதான் நடக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுப்பதில்லை. சிறு காயத்தில் தொடங்கும் தொற்று, சிரோசிஸ் உள்ளவரை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். மடியில் ஒரு பொட்டலம் மல்லாட்டையும் வாழைப்பழமும் இருக்க வேண்டும்.

எல்லோரும் தேறுவதில்லை. குடியை விட முடியாதவர்களின் கைப்பிடி, எவ்வளவு சுண்டல் சாப்பிட்டாலும் ஏறுவதில்லை. சாராயம் நேரடியாகவே தசைப் புரதம் உருவாவதைத் தடுக்கிறது. குடிமீட்புச் சிகிச்சைக்கு அனுப்பி, திரும்பி வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார். நோய் முற்றியவர்களில் சிலர் பயிற்சிக் காலம் முடியும் முன்பே போய்விட்டார்கள். அவர்களுடைய கடைசி மாதங்களில் கழிப்பறைக்குத் தாமாக எழுந்து போக முடிந்ததே பெரிது என்று வீட்டார் வந்து சொல்லியிருக்கிறார்கள். பூக்கார அம்மாவின் கணவர் மூன்று மாத முடிவில் கை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்தார். ஆரணிக்காரர் இப்போது தறியிலிருந்து தானே ஏறி வருகிறார். இருவருக்கும் பிலிருபின் பெரிதாக மாறவில்லை.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்டுகள் வீடு தேடிப் போகிறார்கள். பக்கவாதம் வந்தவர்களும் படுத்த படுக்கையாக இருப்பவர்களும் அதனால் பயன்பெறுகிறார்கள். ஈரல் நோயாளிகளையும் அந்தப் பட்டியலில் தேடிச் சேர்க்க வேண்டும் என்று, கூடும் இடங்களிலெல்லாம் தன் தொழிலைச் சேர்ந்தவர்களிடம் அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். டைனமோமீட்டர் இல்லாத இடத்தில் ஒரு நாற்காலியும் கைக்கடிகாரமும் இருந்தால் சோதனையைத் தொடங்கிவிடலாம். பயிற்சிக்கு வரும் பிசியோதெரபி மாணவர்களுக்கு இப்போது அவர் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்: ஈரல் நோய் என்று யார் வந்தாலும், மூட்டு வலிக்காகவே வந்திருந்தாலும், மூன்று சோதனைகளையும் செய்து எண்ணைத் தேதியோடு எழுதுங்கள், நேற்று இரவு கடைசியாக எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்டார் என்று கேளுங்கள், மூன்று மாதம் கழித்து அதே நாற்காலியில் உட்காரவைத்து மறுபடி அளந்து, இரண்டையும் மருத்துவருக்கு அனுப்புங்கள்.